கிராஸ்ஓவரைக் கணினிக்குள் கொண்டுவந்தேன்

என்னிடம் இருப்பது ஒரு ஜோடி இருவழி ஸ்பீக்கர். தாழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர், உயர்ந்த ஒலிக்கு ஓர் அங்குல டோம் ட்வீட்டர், துளை இல்லாத மூடிய பெட்டி. வூஃபர் நல்லது, ட்வீட்டரும் நல்லது, பெட்டியும் உறுதியானது. இரண்டையும் இணைத்த விதத்தில்தான் குறை இருந்தது. பெண் குரல்கள் சற்றுப் பின்வாங்கி ஒலிக்கும். உட்கார்ந்து கேட்டால் ஒரு சமன், எழுந்து நின்றால் வேறு சமன். உள்ளே பார்த்தால் இரண்டு காயில், இரண்டு கெபாசிட்டர், ட்வீட்டருக்கு முன்னால் ஒரு சிமென்ட் ரெசிஸ்டர். ஒலியைப் பிரித்து, தாழ்ந்ததை வூஃபருக்கும் உயர்ந்ததை ட்வீட்டருக்கும் அனுப்பும் கிராஸ்ஓவர் அதுதான். அந்தச் சின்ன போர்டை எடுத்துவிட்டு அதன் வேலையை ஒரு கணினியிடம் கொடுத்தேன். அதை எப்படிச் செய்தேன், எந்த இடத்தில் கவனம் தேவை, எதைக் கணினியால் செய்ய முடியாது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பழைய வகைக் கிராஸ்ஓவர், ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது. அதன் சங்கடம் அங்கேயே தொடங்குகிறது. ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று அச்சிட்டிருக்கும். உண்மையில் அந்த எண் எல்லா அலைவரிசையிலும் நிற்பதில்லை. ஒத்ததிர்வு நடக்கும் இடத்தில் 30 ஓமைத் தாண்டிப் போகும், மேலே போகப் போக வாய்ஸ் காயிலின் தூண்டலால் மறுபடி ஏறும். 8 ஓமுக்குக் கணக்குப் போட்ட ஃபில்டர் (சில அலைவரிசைகளைத் தணிக்கும் சுற்று) அங்கெல்லாம் கணக்குப்படி நடக்காது. ஒரு மதிப்பை மாற்றிப் பார்க்கவேண்டும் என்றால் சால்டரிங் அயர்னை எடுக்கவேண்டும், புதுக் காயில் வாங்கவேண்டும். மாற்றுவதற்கு முன் கேட்ட ஒலி அதற்குள் நினைவிலிருந்து மங்கிவிடும்.

ஆம்ப்புக்கு முன்னாலேயே சிக்னலைப் பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு டிரைவருக்கும், அதாவது வூஃபருக்கும் ட்வீட்டருக்கும், தனி ஆம்ப் சேனல். ஃபில்டருக்கு டிரைவரின் ஓம் கணக்கே தெரியவேண்டியதில்லை. அந்தப் பிரிப்பைக் கணினி செய்தால் காயிலும் கெபாசிட்டரும் வெறும் எண்களாகிவிடும். எண்ணை மாற்றினால் அடுத்த நொடியே கேட்கலாம்.

கருவிகளும் இணைப்பும்

விசிறி இல்லாத சின்ன கணினி ஒன்று, எட்டு அவுட்புட் உள்ள ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், நான்கு சேனல் கிளாஸ் டி ஆம்ப், அளவெடுக்க ஒரு கண்டென்சர் மைக். ஃபில்டர் வேலைக்குப் பெரிய கணினி தேவையே இல்லை. இரண்டு சேனலை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு ஃபில்டர் ஓட்டினாலும் பழைய லேப்டாப்பே சிரமம் இல்லாமல் தாங்கும்.

அவுட்புட்கள் எல்லாம் ஒரே சாதனத்தில் இருக்கவேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மலிவாக முடிகிறதே என்று வூஃபருக்கு ஒரு யூஎஸ்பி டாக் (டிஜிட்டல் எண்களை ஒலி சிக்னலாக்கும் கருவி), ட்வீட்டருக்கு இன்னொன்று என்று வைக்கத் தோன்றும். இரண்டுக்கும் தனித்தனி கிளாக், அதாவது சாம்பிள்களுக்கு நேரம் குறிக்கும் படிகம். 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50) வித்தியாசம் இருந்தால்கூட, நொடிக்கு 44,100 சாம்பிள் ஓடும் 44.1 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கு இரண்டு சாம்பிளுக்கு மேல் விலகிக்கொண்டே போகும். ஒரு நிமிடத்தில் ட்வீட்டரும் வூஃபரும் ஒன்றுக்கொன்று மூன்று மில்லி செகண்ட் தள்ளிப்போய்விடும், அதாவது ட்வீட்டரை ஒரு மீட்டர் பின்னால் நகர்த்தியதற்குச் சமம். பிறகு மில்லிமீட்டர் கணக்கில் டிலே போட்டு என்ன பயன்?

அடுத்தது, எந்த அவுட்புட்டில் எதை இணைப்பது. நான் 1, 2 இரண்டையும் வூஃபர்களுக்குக் கொடுத்தேன், 3, 4 ட்வீட்டர்களுக்கு. இதற்குக் காரணம் இருக்கிறது. ஏதோ ஒரு சூழலில் ஃபில்டர் மென்பொருள் ஓடாமல் போனால், கணினி தன் சாதாரண ஸ்டீரியோ ஒலியை முதல் இரண்டு அவுட்புட்டில்தான் அனுப்பும். அங்கே வூஃபர் இருந்தால் பாட்டு மங்கலாகக் கேட்கும், அவ்வளவுதான். ட்வீட்டர் இருந்தால் முழு பாஸும் நேராக அதன் மெல்லிய காயிலுக்குள் போகும். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற ஃபில்டர் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்கவேண்டும். சாதனத்தோடு நேராகப் பேசும் ஏசியோ வழியாகவோ, வாசாபியின் எக்ஸ்க்ளூசிவ் முறையிலோ ஒரு பிளேயர் ஒலியை அனுப்பினால் அது அந்த மென்பொருளைத் தொடாமலே கடந்துபோய்விடும்.

ட்வீட்டரோடு தொடராக ஒரு கெபாசிட்டரும் போட்டேன், 47 மைக்ரோஃபாரட், போலார் இல்லாத வகை. 6 ஓம் ட்வீட்டருக்கு இது சுமார் 560 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைத் தணிக்கும். ஆம்ப்பில் டிசி (நேர்மின்னோட்டம்) கசிந்தாலும், ஆன் செய்யும்போது ‘டம்’ என்று தட்டினாலும் காயில் பிழைக்கும். கணினியில் கிராஸ்ஓவர் வைத்துவிட்டு மறுபடி கெபாசிட்டரா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கிராஸ்ஓவர் புள்ளிக்கு ஏறத்தாழ இரண்டு ஆக்டேவ் (ஓர் ஆக்டேவ் என்பது அலைவரிசை பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) கீழே இருக்கும் அந்தப் பொருள், ஒலியில் செய்யும் சிறு மாற்றமும் அதோடு சேர்த்து அளவெடுக்கும்போது கணக்கில் வந்துவிடுகிறது. நான் அதை ஒருபோதும் கழற்றமாட்டேன்.

இரைச்சல் பற்றியும் சொல்லவேண்டும். முன்பு ட்வீட்டருக்கு முன்னால் இருந்த ரெசிஸ்டர், ஆம்ப்பின் ‘ஸ்ஸ்’ சத்தத்தையும் சேர்த்துக் குறைத்துக்கொண்டிருந்தது. இப்போது ஆம்ப் நேராக ட்வீட்டரோடு இணைகிறது. அதோடு ட்வீட்டர் வூஃபரைவிட உணர்திறன் கூடியது, என்னுடைய ஜோடியில் சுமார் 7 டெசிபல் குறைத்தால்தான் சமமாகும். அதை மென்பொருளில் குறைத்தால் இசை மட்டும்தான் குறையும், இன்டர்ஃபேஸின் அனலாக் இரைச்சல் அப்படியே நிற்கும். அதனால் இன்டர்ஃபேஸுக்கும் ஆம்ப்புக்கும் நடுவே கேபிளிலேயே ஒரு தணிப்பான் கட்டினேன். சிக்னலை இரண்டு கம்பிகளில் எதிரெதிராகக் கொண்டுபோகும் பேலன்ஸ்டு கேபிளின் இரண்டு கம்பியிலும் தலா 1.1 கிலோ ஓம், இரண்டுக்கும் குறுக்கே 1 கிலோ ஓம். சுமார் 10 டெசிபல் குறையும், இரைச்சலும் கூடவே குறையும். தேவைக்கு மேல் குறைந்த 3 டெசிபலுக்கு ஈடாக வூஃபரையும் மென்பொருளில் இறக்கிச் சமன்செய்தேன். அந்த 3 டெசிபல் இடம் பின்னால் பாஸைத் தூக்கும்போது உதவியது. இரவில் ட்வீட்டரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் காதை வைத்தால்தான் இப்போது சத்தம் கேட்கிறது.

கிளாஸ் டி ஆம்ப்களில் பெரும்பாலானவை பிரிட்ஜ் முறையில் இயங்குபவை. அவற்றின் மைனஸ் முனை தரை அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. பழைய பெட்டிகளில் வூஃபர், ட்வீட்டர் இரண்டின் மைனஸும் ஒரே கம்பியில் இணைந்திருக்கும். அந்த இணைப்பை முதலில் வெட்டி, நான்கு முனைகளையும் தனித்தனியாக வெளியே கொண்டுவரவேண்டும். அளவெடுக்கும்போது ஸ்பீக்கர் முனையை இன்டர்ஃபேஸின் இன்புட்டில் நேராகச் சொருகுவதும் இதே காரணத்தால் ஆம்ப்பையோ இன்டர்ஃபேஸையோ எரித்துவிடும்.

மென்பொருள்

லினக்ஸில் ஃபில்டர் வேலையைச் செய்வது கேமில்லாடிஎஸ்பி. இலவசம், திறமூலம், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. ஒரே ஒரு அமைப்புக் கோப்பு. எந்தச் சாதனத்திலிருந்து எடுப்பது, எதற்கு அனுப்புவது, இரண்டை நான்காக்கும் மிக்சர், ஃபில்டர்களின் பட்டியல், எந்தச் சேனலில் எது என்ற வரிசை. இவ்வளவும் அதில் எழுத்தாக இருக்கும். பிளேயர் ஒலியை, லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் லூப்பேக் என்ற பாவனைச் சவுண்ட் கார்டுக்கு அனுப்புகிறது, கேமில்லாடிஎஸ்பி அதன் மறுமுனையிலிருந்து எடுத்து, பதப்படுத்தி, இன்டர்ஃபேஸுக்குத் தள்ளுகிறது.

இங்கேயும் கிளாக் விஷயம் எட்டிப்பார்க்கும். லூப்பேக் கணினியின் டைமரில் ஓடுகிறது, இன்டர்ஃபேஸ் தன் படிகத்தில் ஓடுகிறது. இரண்டும் மெல்ல விலகினால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று ஒரு வெட்டு விழும். ரேட் அட்ஜஸ்ட் என்ற அமைப்பை இயக்கினால் கேமில்லாடிஎஸ்பி லூப்பேக்கின் வேகத்தை இன்டர்ஃபேஸுக்கு ஏற்ப நுணுக்கமாகத் திருத்திக்கொண்டே இருக்கும். வெட்டு நின்றுவிடும். எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸில் ஓட்டுகிறேன், 44.1இல் உள்ள பாடல்கள் வழியில் மாற்றப்படுகின்றன.

அளவெடுப்பு

வேலையின் பெரும்பகுதி இதுதான். காயில் சுற்றும் நேரம் மிச்சமானது, அந்த நேரம் முழுவதும் மைக்குக்கு முன்னால் போனது. அது சரியான மாற்றம் என்றே நினைக்கிறேன். ஃபில்டரின் வளைவு திரையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. வூஃபரிலிருந்தும் ட்வீட்டரிலிருந்தும் புறப்பட்ட இரண்டு அலைகளும் காற்றில் எப்படிச் சேர்கின்றன என்பது ஒன்றுதான் கணக்கு. அது மைக்குக்கு மட்டுமே தெரியும்.

ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்தேன். மைக் யூஎஸ்பி வகையா, எக்ஸ்எல்ஆர் வகையா என்பது இந்த வேலைக்கு முக்கியம். யூஎஸ்பி மைக்குக்குத் தனி கிளாக் இருப்பதால் ஒலி புறப்பட்ட கணம் அதற்குத் துல்லியமாகத் தெரியாது. ஒரு ஸ்பீக்கரிலிருந்து அடையாள ஒலி அனுப்பி அந்தக் குறையைச் சரிக்கட்டலாம், அதற்கு மென்பொருளில் வழி இருக்கிறது. எக்ஸ்எல்ஆர் மைக்கை அதே இன்டர்ஃபேஸில் சொருகி, மீதமுள்ள ஓர் அவுட்புட்டை ஒரு கேபிளால் இன்னோர் இன்புட்டுக்குத் திருப்பிவிட்டால் நேரக் கணக்கு சுத்தமாக வரும். நான் செய்தது இரண்டாவது. மைக்கோடு வந்த கேலிபரேஷன் ஃபைலை (மைக்கின் சொந்தப் பிழையைத் திருத்தும் கோப்பு) ஏற்றிக்கொண்டேன்.

பெட்டியை ஒரு உயரமான ஸ்டூலில் ஏற்றி, ட்வீட்டர் தரையிலிருந்து 1.1 மீட்டரில் இருக்கும்படி வைத்து, மைக்கை அதே உயரத்தில் 1 மீட்டர் தள்ளி நிறுத்தினேன். நேராக வரும் ஒலி 1 மீட்டர் பயணிக்கிறது. தரையில் பட்டு வரும் ஒலி 2.42 மீட்டர். வித்தியாசம் 1.42 மீட்டர், அதாவது 4.1 மில்லி செகண்ட். அந்தத் தரை எதிரொலி வருவதற்கு முன்பே பதிவை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஸ்பீக்கரின் சொந்த ஒலி மட்டும். அதற்கு விலை உண்டு: சுமார் 240 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தப் பதிவில் எந்தத் தகவலும் இல்லை. அந்தப் பகுதிக்கு மைக்கை வூஃபர் கூம்பின் நடுவில் ஒரு சென்டிமீட்டருக்குள் கொண்டுபோய் அளந்து, இரண்டையும் 300 ஹெர்ட்ஸ் பக்கம் ஒட்டவேண்டும். ஒட்டும்போது பெட்டியின் முகப்பு அகலத்தையும் நினைவில் வைக்கவேண்டும். என் பெட்டியின் முகப்பு 220 மி.மீ. சுமார் 500 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒலி முன்பக்கமாகவே போகிறது, அதற்குக் கீழே பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பரவுகிறது. அந்த மாற்றத்தில் படிப்படியாக 6 டெசிபல் வரை குறையும். கூம்பருகே அளந்தால் இந்தக் குறைவு தெரியாது.

ட்வீட்டரை அளக்கும்போது 20 ஹெர்ட்ஸிலிருந்து ஸ்வீப் (தாழ்விலிருந்து மேலே ஏறும் சோதனை ஒலி) ஓட்டத் தேவையில்லை. 500இல் தொடங்கினால் போதும், ஒலியளவும் தாழ்வாக இருக்கட்டும்.

நேர் எதிரே மட்டும் அளந்து நிறுத்தாமல் 15, 30, 45, 60 டிகிரியிலும் அளந்தேன். பெட்டியைத் திருப்பினால் போதும், மைக் அசையக் கூடாது. இதற்கு அரை நாள் போனாலும் தகும். நேர் எதிரே 3.5 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு 2 டெசிபல் பள்ளம் தெரிந்தது. 15 டிகிரியில் பாதியானது, 30 டிகிரியில் காணவே இல்லை. பெட்டியின் விளிம்பில் பட்டுச் சிதறும் ஒலியின் வேலை அது. அதை ஈக்யூ வைத்து நிரப்பினால் நேர் எதிரே சமமாகும், மற்ற எல்லாத் திசையிலும் மேடு முளைக்கும். எண்கள் கையில் இருக்கும்போது கோட்டை நேராக்கிவிடவேண்டும் என்று விரல் துடிக்கும். எல்லாத் திசையிலும் தெரிகிற குறையைத்தான் திருத்தவேண்டும்.

கிராஸ்ஓவர் புள்ளியாக 2100 ஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டதற்கும் இந்த அளவுகள்தான் காரணம். வூஃபர் கூம்பின் பயன்படும் விட்டம் 130 மி.மீ. அலைநீளம் அந்த அளவுக்குச் சுருங்கும் 2600 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதன் ஒலி ஒரு கற்றையாகக் குறுகத் தொடங்கிவிடுகிறது. அதற்கு முன்பே ட்வீட்டரிடம் ஒப்படைத்துவிடவேண்டும். ட்வீட்டரின் ஒத்ததிர்வு 750 ஹெர்ட்ஸில் இருக்கிறது, அதன் இரண்டு மடங்குக்குக் கீழே போனால் அது திணறும். நடுவில் கிடைத்த இடம் அது.

பிரித்ததைச் சேர்ப்பது

லிங்க்விட்ஸ் ரைலி நான்காம் படி ஃபில்டரைத்தான் எடுத்தேன். ஹியூலெட் பேக்கார்டில் பொறியாளர்களாக இருந்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் வகுத்த வடிவம் இது; லிங்க்விட்ஸின் கட்டுரை 1976இல் வெளியானது. இரண்டாம் படி பட்டர்வொர்த் ஃபில்டரை இரண்டு முறை அடுக்கினால் கிடைப்பது. ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு. சந்திக்கும் புள்ளியில் இரண்டு பக்கமும் 6 டெசிபல் இறங்கியிருக்கும், இரண்டும் ஒரே ஃபேஸில் (அலைகள் ஒன்றாக ஏறி இறங்கும் நிலையில்) இருக்கும், கூட்டினால் நேர்கோடு.

ஆனால் அந்த நேர்கோடு, காற்றில் வரும் ஒலிக்கு அந்த வடிவம் இருந்தால் மட்டும் கிடைக்கும். மென்பொருளில் 2100 என்று எழுதி அந்த ஃபில்டரை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ட்வீட்டர் தானாகவே 750 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆக்டேவுக்கு 12 டெசிபல் வீதம் இறங்குகிறது. வூஃபருக்கு மேலே 4 கிலோஹெர்ட்ஸில் ஒரு முரட்டு மேடு இருக்கிறது. டிரைவரின் சொந்தச் சரிவும் ஃபில்டரின் சரிவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முடிவில் வருவது நாம் கேட்ட வடிவமே அல்ல.

அதனால் முதலில் கிராஸ்ஓவரை மறந்துவிட்டு ஒவ்வொரு டிரைவரையும் தனியாக நேராக்கினேன். வூஃபரின் 4 கிலோஹெர்ட்ஸ் மேட்டுக்கு எதிராக ஒரு குறுகிய வெட்டு. முகப்பு அகலத்தால் வந்த படிக்கு ஒரு ஷெல்ஃப் (ஒரு புள்ளிக்கு மேலே அல்லது கீழே உள்ள முழுவதையும் ஏற்றி இறக்கும் ஃபில்டர்). கீழ்ப்பகுதியைத் தூக்குவதற்குப் பதில் மேற்பகுதியை இறக்கினேன், டிஜிட்டலில் உச்சத்தைத் தாண்டினால் வெட்டுப்படும் என்பதால். ட்வீட்டருக்கு 1 கிலோஹெர்ட்ஸிலிருந்து மேலே நேராகும்படி இரண்டு ஃபில்டர். ஆக, சந்திக்கும் புள்ளிக்கு இருபுறமும் ஓர் ஆக்டேவுக்குக் குறையாமல் இரண்டும் நேராக நின்றபிறகுதான் லிங்க்விட்ஸ் ரைலியை வைத்தேன். மறுபடி அளந்தபோது, அளந்த சரிவு புத்தகச் சரிவோடு அரை டெசிபலுக்குள் பொருந்தியது.

மிச்சம் இருந்தது தூரம். முகப்புப் பலகை தட்டையாக இருந்தாலும் வூஃபரின் ஒலி புறப்படும் இடம் கூம்பின் ஆழத்தில் இருக்கிறது, ட்வீட்டரின் இடம் முன்னால் இருக்கிறது. என் அளவில் வித்தியாசம் 24 மி.மீ. 2100 ஹெர்ட்ஸில் அலைநீளம் 163 மி.மீ., ஆகவே இது 53 டிகிரி ஃபேஸ். இவ்வளவு விலகல் இருந்தும் நேர் எதிரே அளந்தால் கூட்டொலியில் ஒரு டெசிபல்தான் குறையும். பார்ப்பதற்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் நடுவே 150 மி.மீ. இருப்பதால், இரண்டும் முழுதாகச் சேரும் திசை சுமார் 9 டிகிரி கீழே சாய்ந்து தரையைப் பார்க்கிறது. எழுந்து நின்றால் சமன் மாறும் என்று தொடக்கத்தில் சொன்னேனே, பழைய போர்டில் இந்தச் சாய்வைத் திருத்த வழியே இல்லாததும் அதற்கொரு காரணம்.

ட்வீட்டரை 0.07 மில்லி செகண்ட் தாமதப்படுத்தவேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிள் என்பது 7 மி.மீ.தான், நமக்குத் தேவைப்படுவது 3.4 சாம்பிள். கேமில்லாடிஎஸ்பி மில்லிமீட்டரிலேயே எழுத விடுகிறது, சாம்பிளின் பின்னத்தையும் ஏற்கிறது.

அந்த 24 என்ற எண்ணைக் கண்டுபிடிக்க ஸ்கேலை நம்பக் கூடாது. ட்வீட்டரின் போலாரிட்டியை (பிளஸ், மைனஸ் திசையை) மென்பொருளில் திருப்பிவிட்டு இரண்டையும் சேர்த்து அளந்தேன். ஃபேஸ் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, 2100இல் ஆழமான பள்ளம் விழவேண்டும். டிலே இல்லாமல் அளந்தபோது பள்ளம் 7 டெசிபல்தான். ஒவ்வொரு மில்லிமீட்டராக ஏற்றிக்கொண்டே போனேன். பள்ளம் 10, 15, 20 என்று ஆழமாகி, 24இல் 30 டெசிபலைத் தாண்டியது, 27இல் மறுபடி மேலே வந்தது. நேர் போலாரிட்டியில் ஒரே ஒரு டெசிபலாகத் தெரிகிற விலகல் திருப்பிப் போட்டால் இருபது டெசிபலுக்கு மேல் தெரிகிறது. ஒலியைச் சேர்ப்பதற்கு ஒலியை அழித்துப் பார்ப்பதைவிட நுட்பமான சோதனையை நான் அறியேன். பிறகு போலாரிட்டியைப் பழையபடி நேராக வைத்தேன். 200 ஹெர்ட்ஸிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை, நான் விட்டுவைத்த அந்த 3.5 கிலோஹெர்ட்ஸ் பள்ளத்தைத் தவிர, கோடு ஒன்றரை டெசிபலுக்குள் நின்றது.

முதலில் கேட்டது தனிக்குரல் பதிவு ஒன்று. குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரே உயரத்தில் நின்றது. மேல்ஸ்தாயிக்குப் போகும்போது அது இடம் மாறவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தேன், அப்போதும் மாறவில்லை.

பாஸ்

மூடிய பெட்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு: கீழே அது எப்படி இறங்கும் என்பது இரண்டே எண்களில் அடங்கிவிடும். என் பெட்டிக்கு ஒத்ததிர்வு 62 ஹெர்ட்ஸ், க்யூ (அந்த ஒத்ததிர்வின் கூர்மை) 0.9. லிங்க்விட்ஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்ற ஃபில்டர் அந்த இரண்டு எண்களையும் நாம் விரும்பும் இரண்டு எண்களாக மாற்றித்தரும். 40 ஹெர்ட்ஸ், 0.7 என்று கேட்டேன். கேட்பது எளிது. 62ஐ 40 ஆக்குவதற்கு அடிமட்டத்தில் 7.6 டெசிபல் கூட்டவேண்டும், அது ஏறக்குறைய ஆறு மடங்கு பவர். கூம்பு 2.4 மடங்கு கூடுதலாக முன்னும் பின்னும் நகரவேண்டும். சிறிய அறையில், மிதமான ஒலியில் கேட்கிறவனுக்கு இது நடக்கும். சத்தமாகக் கேட்கிறவர்கள் இதைத் தொடாமல் சப்வூஃபர் வைப்பதே நல்லது. நான் 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஒரு ஹைபாஸும், வூஃபர் சேனலின் கடைசியில் உச்சத்தைத் தடுக்கும் ஒரு லிமிட்டரும் சேர்த்துக்கொண்டேன்.

அறையைத் திருத்துவதில் மிகவும் அடக்கி வாசித்தேன். அறையின் ஒரு பக்கம் 4.1 மீட்டர், அதனால் 42 ஹெர்ட்ஸில் ஓர் அதிர்வு தங்குகிறது. அதை ஒரு குறுகிய ஃபில்டரால் 7 டெசிபல் வெட்டினேன், பாஸ் உடனே இறுகியது. 107 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளமும் இருந்தது. அது வூஃபரிலிருந்து பின்சுவர் 0.8 மீட்டரில் இருப்பதால் வருவது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, கால் அலைநீளம் போய்க் கால் அலைநீளம் வந்து, நேர் ஒலியை அழிக்கிறது. அங்கே எத்தனை டெசிபல் கூட்டினாலும் எதிரொலியும் அத்தனையே கூடும், பள்ளம் அப்படியே இருக்கும், ஆம்ப்பும் வூஃபரும்தான் வீணாக உழைக்கும். பெட்டியைச் சுவருக்கு நெருக்கமாகத் தள்ளினேன். பள்ளம் மேலே நகர்ந்து ஆழம் குறைந்தது. 250 ஹெர்ட்ஸுக்கு மேலே அறைக்கென்று ஒரு ஃபில்டரும் வைக்கவில்லை.

ஃபேஸ் வளையாத ஃபில்டர் வேண்டுமா?

கணினியில் செய்கிறோம் என்றதும் எஃப்ஐஆர் என்ற டிஜிட்டல் ஃபில்டர் வகைமீது ஆசை வரும். ஃபேஸைத் துளிகூட வளைக்காமல் பிரிக்கலாம், எவ்வளவு செங்குத்தாக வேண்டுமானாலும் வெட்டலாம். நானும் செய்து கேட்டேன். லிங்க்விட்ஸ் ரைலி 2100 ஹெர்ட்ஸில் உண்டாக்கும் நேரச் சிதைவு 0.2 மில்லி செகண்ட் அளவுதான். அதை நீக்கியதால் ஏதாவது மாறியதா என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை. மறுபக்கம், பாஸ் வரை நீளும் 8192 டேப் (அத்தனை சாம்பிள் நீளமுள்ள) ஃபில்டர் என்றால் 85 மில்லி செகண்ட் தாமதம். படம் பார்க்கும்போது உதடு முன்னால் அசைந்து சொல் பின்னால் வரும், பிளேயரில் அதைச் சரிக்கட்டவேண்டும். செங்குத்தான வெட்டுக்கு இன்னொரு விலை, ஒலிக்கு முன்னாலேயே ஒரு மெல்லிய நடுக்கம் வருவது. நேர் எதிரே இரண்டு டிரைவரும் சேரும்போது அது அழிந்துவிடும், பக்கவாட்டில் முழுதாக அழியாது. மூன்றுவழி ஸ்பீக்கரில் 300 ஹெர்ட்ஸில் பிரிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம். இந்தப் பெட்டிக்கு, இதுவரை வைத்திருந்த ஐஐஆர் என்ற சாதாரண ஃபில்டர் வகையே போதும் என்று முடிவெடுத்தேன்.

தினப்படிப் பயன்பாடு

ஆன் செய்யும் வரிசை: கணினி, இன்டர்ஃபேஸ், கேமில்லாடிஎஸ்பி ஓடத் தொடங்கியபின் கடைசியாக ஆம்ப். அணைக்கும்போது ஆம்ப் முதலில். ஆம்ப்பின் பவரை ஒரு ரிலே வழியாகக் கொடுத்து, மென்பொருள் ஓடினால்தான் ரிலே மூடும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். வீட்டில் யார் போட்டாலும் வரிசை தவறாது. ஒலியளவு எப்போதும் மைனஸ் 40 டெசிபலில் தொடங்கும். அறிவிப்பு ஒலிகள் எல்லாம் நிறுத்தப்பட்டுள்ளன. யூஎஸ்பி போர்ட்டின் மின்சேமிப்பையும் நிறுத்தினேன், இல்லாவிட்டால் சிறிது நேரம் பாட்டு ஓடாமல் இருந்தால் இன்டர்ஃபேஸ் உறங்கிப்போய், விழிக்கும்போது ‘டப்’ என்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அமைப்புக் கோப்பைத் தேதி போட்டுத் தனியாகச் சேமிக்கிறேன். எந்தக் கோப்புக்கு எந்த அளவீடு என்று பெயரிலேயே தெரியும்.

5, 6 அவுட்புட் இரண்டும் காலியாக இருக்கின்றன. அடுத்து இரண்டு மூடிய சப்வூஃபர்களைக் கட்டி 80 ஹெர்ட்ஸில் பிரிக்கப்போகிறேன். அப்போது லிங்க்விட்ஸ் டிரான்ஸ்ஃபார்மை வூஃபரிலிருந்து எடுத்துவிடலாம், கூம்பின் அசைவு பெருமளவு குறையும், நடுப்பகுதி இன்னும் தெளியும் என்று எதிர்பார்க்கிறேன். பெட்டிக்கான பலகை வெட்டியாகிவிட்டது. அளவெடுத்ததும் அந்த எண்களையும் எழுதுகிறேன்.